பூனை ஒரு கண்ணைச் சுருக்குகிறது: காத்திருக்கலாமா, இன்றே டாக்டரிடம் போகணுமா?

சாம்பல்வால் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் பூனைக்கு 4 வயது, பெண், வீட்டுக்குள்ளேயே இருப்பவள். நேற்று ராத்திரி இங்கே இருக்கும் இன்னொரு பூனையோடு கட்டிப் புரண்டுகொண்டிருந்தாள், அது தினமும் நடப்பதுதான். காலையில் இடது கண்ணைப் பாதி மூடியபடி உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீராக வடிகிறது, பீளை இல்லை. மூக்கோரம் இருக்கும் மூலையில் வெள்ளையாக ஒரு தோல் ஏறி வந்த மாதிரி தெரிகிறது. சாப்பாட்டில் குறையில்லை, ஆனால் விளையாடக் கூப்பிட்டால் வரவில்லை.

எனக்கு இரண்டு விஷயம் தெரியணும். இதை இன்னும் கொஞ்ச நாள் வைத்துப் பார்க்கலாமா? அப்புறம், வீட்டில் ஒருவருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து எழுதிக்கொடுத்த சொட்டு மருந்து பாதி பாட்டில் மிச்சமிருக்கிறது. ஆன்டிபயாடிக்கும் டெக்ஸாமெத்தசோனும் கலந்தது என்று லேபிளில் இருக்கிறது. அதை ஒரு சொட்டு விடலாமா?

நடுநிசிமியாவ் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. நேற்று சண்டையில் நகம் பட்டுக் கண்ணில் கீறல் விழுந்திருந்தால், ஸ்டீராய்டு அந்தப் புண்ணை ஆறவிடாது, இன்னும் ஆழமாக்கும். சிவப்பு மட்டும் குறைந்து, நமக்கு "அட, சரியாகிவிட்டதே" என்று தோன்றும். அந்த நேரத்தில் உள்ளே குழி விழுந்துகொண்டிருக்கும்.

அந்த வெள்ளைத் தோல் மூன்றாவது இமை. பூனைக்கு மேல் இமை, கீழ் இமை தவிர மூக்குப் பக்கத்திலிருந்து குறுக்கே வரும் ஒன்றும் உண்டு. நல்ல தூக்கத்திலிருந்து எழுப்பினால் ஒரு நொடி தெரியும், அது சாதாரணம். விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஒரு கண்ணில் மட்டும் தெரிந்தால், பெரும்பாலும் அந்தக் கண் வலிக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குள் ஏதாவது துரும்பு சிக்கியிருந்தாலும் இப்படித்தான் வரும்.

மதில்மேல் எழுதியது:

கொஞ்சம் நிதானமாகப் போகலாம் என்பது என் கருத்து. பூனை வளர்க்கிற எல்லோரும் கண்ணில் தண்ணீர் வருவதைப் பார்த்திருப்போம். என்னுடையதுக்கு அடிக்கடி வரும், தானாகவே போகும். கூடையில் அடைத்து, வண்டியில் ஏற்றி, நாய்கள் குரைக்கிற ஹாலில் உட்காரவைத்து, அப்புறம் டாக்டர் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று அனுப்புவார். அந்தப் பயத்திலேயே பூனை சாப்பிடாமல் படுத்துவிடும். ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பதில் என்ன குடி முழுகிப் போகிறது?

கிளினிக்வாசி எழுதியது:

நான் டாக்டர் இல்லை. டாக்டர் கண்ணைப் பார்க்கும்போது பூனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. பல வருடமாக அந்த மேஜை ஓரத்தில் நின்று பார்த்ததிலிருந்து சொல்கிறேன்.

மதில்மேல் சொல்வதில் பாதி சரி. தண்ணீர் வடிவது மட்டும் என்றால், கண் முழுதாகத் திறந்திருந்தால், பூனை எப்போதும்போல ஓடியாடினால், ஒரு நாள் பார்க்கலாம். பலர் செய்கிற தப்புக் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. சிவப்பையும் பீளையையும் வைத்துத்தான் எவ்வளவு மோசம் என்று எடைபோடுகிறார்கள். நிறையப் பீளை, சிவந்த கண், ஆனால் கண்ணை அகலத் திறந்து வைத்திருக்கிற பூனை நாளை வரலாம். துளி பீளை இல்லை, வெள்ளை வெளேரென்ற கண், ஆனால் சுருக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் இன்றே வரவேண்டும். சுருக்கினால் வலிக்கிறது. பூனை வலிக்கிறது என்று கத்தாது. காலை நொண்டும், கண்ணைச் சுருக்கும், இல்லையென்றால் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

சண்டைக்குப் பிறகு ஒரே கண், சுருக்கம், தண்ணீர், மூன்றாவது இமை. இந்த நான்கும் சேர்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது கார்னியாவில், அதாவது கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் தெளிவான படலத்தில், புண். அது நம் கண்ணுக்குப் பல நேரம் தெரியவே தெரியாது. டாக்டர் ஃப்ளூரசீன் என்ற ஆரஞ்சுச் சாயம் தோய்த்த ஒரு சின்னக் காகிதத் துண்டை ஈரமாக்கிக் கண்ணில் தொடுவார். கார்னியாவின் மேல் அடுக்கு முழுசாக இருந்தால் சாயம் வழிந்து போய்விடும். பெயின்ட் உரிந்த சுவரில் ஈரம் ஊறுவதுபோல, மேல் அடுக்கு போன இடத்தில் மட்டும் அது ஊறி நிற்கும். நீல வெளிச்சத்தில் பார்த்தால் அந்த இடம் பளிச்சென்று பச்சையாக எரியும். வலி கிடையாது, ஒரு சில நிமிட வேலை. வீட்டுக்குப் போகும் வழியில் பூனையின் மூக்கு நுனியில் பச்சையாக ஒழுகினால் பதறாதீர்கள். கண்ணீர்க் குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம், சாயம் அந்த வழியாக மூக்குக்கு இறங்குகிறது.

ஆழம் குறைந்த கீறல் சரியான மருந்தோடு ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். பூனை நகத்தில் எப்போதும் கிருமி இருக்கும். அது உள்ளே இறங்கினால் கார்னியா கூழாகக் கரைய ஆரம்பிக்கும், ஒரே நாளில் ஓட்டை விழும் அளவுக்குப் போவதும் உண்டு. நகம் கூர்மையாக உள்ளே இறங்கியிருந்தால் லென்ஸ் வரைக்கும் கிழிந்திருக்கும், வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும். ஒரு நாள் பொறுத்தால் என்ன என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

சாம்பல்வால் எழுதியது:

சரி, பாட்டிலை அலமாரிக்குள் வைத்துவிட்டேன். சாயங்காலம் போக நேரம் வாங்கியாகிவிட்டது. அதுவரைக்கும் என்ன செய்யலாம்? காலால் கண்ணைத் தேய்க்கப் பார்க்கிறாள். நான் கிட்டப் போய் டார்ச் அடித்துப் பார்க்கலாமா?

நடுநிசிமியாவ் எழுதியது:

தேய்க்கிறது என்றால், கோன் காலர் (கழுத்தைச் சுற்றி மாட்டும் கூம்பு) இருந்தால் இப்போதே மாட்டிவிடுங்கள். அந்தத் தேய்ப்புதான் சின்னப் புண்ணைப் பெரிய புண்ணாக்கும். இன்னொரு பூனையை வேறு அறையில் விடுங்கள். வடிகிற தண்ணீரை, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரிலோ வெறும் சலைனிலோ நனைத்த பஞ்சால் இமைக்கு வெளியே மட்டும் ஒற்றி எடுங்கள். ஒரு முறை துடைத்த பஞ்சை மறுபடி அதே கண்ணில் வைக்க வேண்டாம். பால், தேன், டீத்தண்ணீர், எண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது. சிவப்பு போக்க மனிதர்கள் விட்டுக்கொள்கிற சொட்டு மருந்தும் வேண்டாம். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம். ஒரு மாத்திரை போதும், உயிர் போய்விடும்.

டார்ச்: அவள் தானாக உங்கள் மடிக்கு வந்தால் பாருங்கள், துரத்திப் பிடித்து வேண்டாம். இமையை விரலால் பிரிக்க வேண்டாம், கீறல் ஆழமாக இருந்தால் அந்த அழுத்தமே கண்ணை உடைக்கலாம். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக உட்காரவைத்து, முன்னாலிருந்து இரண்டு கண்ணையும் சேர்த்து ஒரு படம் எடுங்கள். அப்புறம் பக்கவாட்டில் நின்று ஒன்று. கார்னியாவில் மங்கலோ பள்ளமோ இருந்தால் முன்னாலிருந்து தெரியாதது பக்கத்திலிருந்து தெரியும். ஜன்னலின் பிரதிபலிப்பு கண்ணில் ஒரு சதுரமாக விழும் பாருங்கள், நல்ல கண்ணில் அதன் விளிம்பு நேராக இருக்கும், புண் இருக்கும் இடத்தில் உடைந்து நெளியும்.

முக்கியமாக, இரண்டு கண்மணியும், அதாவது கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்புத் திறப்பு, ஒரே அளவா என்று படத்தில் பாருங்கள். சுருக்கும் கண்ணில் கண்மணி மற்றதைவிடச் சின்னதாக இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மதில்மேல் எழுதியது:

சரி, நகக் கீறலுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் பூனை கதை வேறு. வீட்டுக்கு விருந்தாளி வந்தாலோ, சாமான் மாற்றி வைத்தாலோ அதற்குக் கண்ணில் வடியும், கூடவே இரண்டு தும்மல். டாக்டர் ஹெர்பீஸ் என்றார், வாழ்நாள் முழுக்க இருக்கும் என்றார். அப்படியென்றால் ஒவ்வொரு தடவையும் தூக்கிக்கொண்டு ஓடணுமா?

கிளினிக்வாசி எழுதியது:

ஒவ்வொரு தடவையும் வேண்டாம். உங்கள் டாக்டரே ஒரு திட்டம் சொல்லியிருப்பார்.

பூனைகளுக்குக் கண் நோய் என்று வருவதில் மிகச் சாதாரணமான காரணம் இந்த ஹெர்பீஸ் வைரஸ். மனிதர்களுக்கு வரும் ஹெர்பீஸ் வேறு, இது பூனைக்கே உரியது, நமக்குத் தொற்றாது. குட்டியாக இருக்கும்போது வந்து போகும். போன பிறகும் முகத்து நரம்பின் முடிச்சில் போய் ஒளிந்துகொள்ளும். பூனைக்கு மன அழுத்தம் வந்தால் மறுபடி கிளம்பும். வேடிக்கை என்னவென்றால் அது உடனே கிளம்பாது, பெரும்பாலும் ஒரு வாரம் கழித்துத்தான் வரும். விருந்தாளி ஊருக்குத் திரும்பிப் போன பிறகு கண் வடியும், நாம் வேறு எதையோ காரணம் சொல்லிக்கொண்டிருப்போம்.

இதில் காத்திருக்கக் கூடாத கட்டம் ஒன்று உண்டு. இதே வைரஸ் கார்னியாவைத் தின்னும். மரக்கிளை மாதிரிக் கிளைவிட்ட மெல்லிய கோடுகளாகப் புண் வரும், சாயம் போட்டால்தான் தெரியும். அதனால் உங்கள் பூனைக்கு விதி எளிது. தும்மலும் தெளிந்த தண்ணீரும் இருந்து கண் திறந்திருந்தால் வீட்டிலேயே அமைதியாக வைத்துப் பார்க்கலாம். எப்போது சுருக்க ஆரம்பிக்கிறதோ, எப்போது பீளை மஞ்சளோ பச்சையோ ஆகிறதோ, எப்போது சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்து போகிறதோ, அன்றைக்கே போகணும். ஹெர்பீஸ் இருக்கிற கண்ணில் ஸ்டீராய்டு விடுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் விடுகிற கதை.

இன்னொன்றும் கேளுங்கள். மனிதர்களுக்குக் கொடுக்கிற ஹெர்பீஸ் மாத்திரையை யாரும் தானாகக் கொடுத்துவிடாதீர்கள். வாலாசைக்ளோவிர் பூனையின் எலும்பு மஜ்ஜையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். ஃபாம்சைக்ளோவிர் என்று ஒன்று பூனைக்குக் கொடுப்பதுண்டு, ஆனால் அளவு டாக்டர் சொல்ல வேண்டும்.

குட்டிமூட்டை எழுதியது:

கிளாமிடியா என்ற பாக்டீரியாத் தொற்றும் இப்படித்தானே வரும்? எங்கள் வீட்டில் ஒரு கண்ணில் ஆரம்பித்து மற்றதுக்கும் போய், அப்புறம் எல்லாக் குட்டிக்கும் வந்தது.

கிளினிக்வாசி எழுதியது:

ஆமாம், அதுதான் அதன் வழக்கம். முதலில் ஒரு கண், கொஞ்ச நாளில் அடுத்தது. இமைக்கு உள்ளே இருக்கும் இளஞ்சிவப்புச் சதை உப்பி, கண்ணையே மூடுகிற அளவுக்கு வீங்கும். தும்மல் அதிகம் இருக்காது. கார்னியாவைப் பெரும்பாலும் தொடாது. கிளாமிடியாவுக்கு வெறும் சொட்டு மருந்து போதாது, வாய்வழி டாக்ஸிசைக்ளின் சுமார் 4 வாரம் கொடுக்கச் சொல்வார்கள். வீட்டில் இருக்கிற எல்லாப் பூனைக்கும் சேர்த்துத்தான். இரண்டாவது வாரத்தில் கண் நன்றாகிவிடும், எல்லோரும் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள், அடுத்த மாதம் திரும்ப வருகிறார்கள். டாக்ஸிசைக்ளின் மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும், ஆகவே கொடுத்தவுடன் சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீரோ ஒரு வாய் சாப்பாடோ உள்ளே போகணும்.

சாம்பல்வால் எழுதியது:

போய்விட்டு வந்தோம். சாயம் போட்டதும் கண்ணின் கீழ்ப் பாதியில் பச்சைக் கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மேலோட்டமான கீறல்தானாம், லென்ஸுக்கு ஒன்றும் இல்லை. ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து, வலிக்கு ஒரு சிரப், கோன். இன்னொரு சொட்டு மருந்தும் கொடுத்தார், அட்ரோபின் என்று எழுதியிருக்கிறது. அதை விட்டதும் வாயில் நுரை தள்ளிவிட்டது! அலறிப்போய் போன் செய்தால், "கசக்கிறது, அவ்வளவுதான்" என்றார். யாராவது அனுபவப்பட்டிருக்கிறீர்களா? அப்புறம் ஒரு ஆள் மட்டும் இருந்து சொட்டு மருந்து விடுவது எப்படி?

நடுநிசிமியாவ் எழுதியது:

கண்ணுக்கும் மூக்குக்கும் குழாய் இருக்கிறதே, அந்த வழியாகத் தொண்டைக்கு இறங்குகிறது. அட்ரோபின் கடும் கசப்பு. நுரை பார்க்கப் பயமாக இருக்கும், சில நிமிடத்தில் நின்றுவிடும். கண்மணி விரிந்து அப்படியே சில நாள் இருக்கும், வெளிச்சம் கூசும், ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள்.

சொட்டு விடுவது: முன்னால் நின்று பாட்டிலை நீட்டினால் எந்தப் பூனையும் உட்காராது. தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, பூனையின் பின்பக்கம் உங்கள் தொடைகளுக்கு நடுவே வருகிற மாதிரி, இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்க்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இடது கையால் தாடையைக் கீழிருந்து தாங்கி முகத்தைக் கூரையைப் பார்க்கத் தூக்குங்கள். பாட்டில் பிடித்த கையின் சுண்டுவிரலைப் பூனையின் உச்சந்தலையில் ஊன்றுங்கள். தலை ஆடினால் உங்கள் கையும் கூடவே ஆடும், நுனி கண்ணில் குத்தாது. அதே கையின் ஓரத்தால் மேல் இமையை லேசாகப் பின்னால் இழுத்து, கண்ணின் மேல் வெள்ளையில் ஒரு சொட்டு. ஒரு சொட்டுதான், இரண்டாவதுக்குக் கண்ணில் இடமே இல்லை, வழிந்துதான் போகும்.

இரண்டு மருந்து இருந்தால் நடுவில் 5 முதல் 10 நிமிடம் விடுங்கள். சொட்டும் ஆயின்ட்மென்டும் இருந்தால் சொட்டு முதலில்.

கிளினிக்வாசி எழுதியது:

அந்தச் சுண்டுவிரல் விஷயத்தை நாங்கள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்போம், நன்றாக எழுதினீர்கள்.

ஒன்று சேர்க்கிறேன். நாலு நாளில் கண்ணைத் திறந்துவிடுவாள், நீங்கள் கோனைக் கழற்றத் துடிப்பீர்கள். மறுபடி சாயம் போட்டுப் பார்த்துப் பச்சை இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு கழற்றுங்கள். ஒரு வாரமாகியும் ஆறாத புண் என்றால் வேறு ஏதோ காரணம் இருக்கும்: இமை உள்பக்கம் மடங்கி முடி உரசுவது, இமைக்குக் கீழே துரும்பு, இல்லையென்றால் ஹெர்பீஸ். நீண்ட நாள் ஆறாத புண்ணின் மேல் சில பூனைகளுக்குக் காபித்தூள் நிறத்தில் ஒரு திட்டு வரும், போகப் போகக் கறுத்துவிடும். சீக்வெஸ்ட்ரம் என்பார்கள். செத்துப்போன கார்னியா அது. பெர்ஷியன், ஹிமாலயன் மாதிரித் தட்டை முகப் பூனைகளுக்கு அதிகம். அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று துடைக்கப் பார்ப்பார்கள், வராது. ஆபரேஷனில் எடுக்க வேண்டிவரும்.

தட்டை முகம் வைத்திருப்பவர்கள் கவனிக்க: மூக்கோரம் பழுப்புக் கறை உங்கள் பூனைக்கு நிரந்தரம், தினமும் துடைத்தால் போதும். ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று கறை அதிகமானால்தான் கேள்வி. அந்த முகவாகில் கார்னியாவின் உணர்ச்சியும் மற்றப் பூனைகளைவிடக் குறைவு. புண் இருந்தும் அதிகம் சுருக்காது. நான் மேலே சொன்ன "சுருக்கினால் வலி" என்பதை அவைகளிடம் முழுசாக நம்பாதீர்கள்.

பாட்டிப்பூனை எழுதியது:

வேறு ஒரு பிரச்சினை, இங்கேயே கேட்கலாமா? என்னுடையவன் 15 வயது. கண்ணில் தண்ணீர், சிவப்பு, சுருக்கம் எதுவும் இல்லை. ஆனால் நேற்றிலிருந்து கண்மணி இரண்டும் பெரிசாக, பளபளவென்று இருக்கிறது, பகல் வெளிச்சத்திலும் சுருங்கவில்லை. ராத்திரி கத்திக்கொண்டே திரிகிறான். தண்ணீர் கிண்ணத்தில் காலை வைத்துவிட்டான். வயசானதுதான் காரணமா?

கிளினிக்வாசி எழுதியது:

இதைப் படித்தவுடன் போன் எடுங்கள். காலை வரை வைக்காதீர்கள், இரவில் பார்க்கிற இடம் இருந்தால் இரவே.

வயதான பூனைக்குத் திடீரென்று பார்வை போவதற்கு முதல் சந்தேகம் ரத்த அழுத்தம். சிறுநீரகக் கோளாறு, தைராய்டு அதிகம் சுரப்பது, இரண்டும் வயதான பூனைகளில் சகஜம், இரண்டிலும் அழுத்தம் ஏறும். மேல் அழுத்தம் 160க்கு மேல் போனாலே கவலை, 180ஐத் தாண்டினால் கண், மூளை, இதயம், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் ஆபத்து. கண்ணுக்குள் விழித்திரை பிய்ந்து மிதக்கும். உள்ளே ரத்தம் கசியும். வெளியிலிருந்து பார்த்தால் நீங்கள் சொல்கிற மாதிரிதான், பெரிய பளபளப்பான கண். அழுத்தத்தை இறக்க அம்லோடிபின் கொடுப்பார்கள். சீக்கிரம் இறக்கினால் விழித்திரை மறுபடி ஒட்டிக்கொண்டு ஓரளவு பார்வை திரும்புவதும் உண்டு. தாமதமாக ஆக அந்த வாய்ப்பு போய்விடும்.

பார்வை இருக்கிறதா என்று பார்க்க முகத்துக்கு நேரே கையை ஆட்டாதீர்கள். காற்று மீசையில் பட்டு பூனை சிமிட்டும், நாம் ஏமாந்துவிடுவோம். கொஞ்சம் தள்ளி நின்று ஒரு பஞ்சு உருண்டையைச் சத்தமில்லாமல் முன்னால் விழவிடுங்கள். பார்க்கிற பூனை தலையையாவது திருப்பும்.

பாட்டிப்பூனை எழுதியது:

இன்றைக்கே போகிறோம். பஞ்சு விழுந்தது, அவன் அசையவே இல்லை.

மதில்மேல் எழுதியது:

பாட்டிப்பூனை, போய் வந்து சொல்லுங்கள். இதில் நான் வாதம் செய்ய வரவில்லை.

பொதுவாக ஒரு சந்தேகம்: பார்வை மெல்ல மெல்லப் போனால் நமக்கு எப்படித் தெரியும்?

நடுநிசிமியாவ் எழுதியது:

தெரியாமலே போகும், அதுதான் சங்கடம். வீட்டில் எது எங்கே என்று பூனைக்கு மனப்பாடம். மீசையும் காதும் வைத்தே சமாளிக்கும். நாற்காலியை ஒரு முழம் நகர்த்திய அன்று முட்டிக்கொள்ளும், அன்றுதான் நமக்கு விஷயம் வெளியே வரும். குதிப்பதற்கு முன் நீண்ட நேரம் யோசிப்பது, சுவரோரமாகவே நடப்பது, தூக்கி எறிந்த பந்தைச் சத்தம் வந்த பிறகுதான் தேடுவது, இவை முன்னறிகுறி.

வயதான பூனையின் கண்ணில் லேசான நீலப் புகை படர்ந்த மாதிரித் தெரிவது லென்ஸ் கெட்டியாவது. பார்வையை அதிகம் பாதிக்காது. பாலை ஊற்றின மாதிரி வெள்ளையாக இருந்தால் கண்புரை. இரண்டையும் நாமே பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் அவசரம் இல்லை, அந்த வாரத்துக்குள் காட்டினால் போதும். லென்ஸில் இல்லாமல் கண்ணின் முன்பக்கமே மங்கினால் அது வேறு, அன்றே.

கிளினிக்வாசி எழுதியது:

இன்னொரு காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை, சாப்பாடு. டாரின் என்ற அமினோ அமிலம் பூனையின் விழித்திரைக்குக் கட்டாயம். பூனை உடம்பு அதைப் போதிய அளவு தயாரிக்காது, உணவிலிருந்துதான் வரணும். 1975ல் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள், அதற்கு அப்புறம்தான் பூனை உணவில் அதைக் கவனித்துச் சேர்க்க ஆரம்பித்தார்கள். நாய் தனக்கு வேண்டிய டாரினைத் தானே செய்துகொள்ளும், ஆகவே நாய் உணவில் அது பூனைக்கு வேண்டிய அளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. நாயும் பூனையும் இருக்கிற வீட்டில் இரண்டுக்கும் ஒரே பை வாங்கிப் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். அழிந்த விழித்திரை திரும்ப வராது, உணவை மாற்றினால் மேற்கொண்டு அழிவது நிற்கும்.

மருந்திலும் ஒன்று உண்டு. என்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் பூனைக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பார்வையே போகலாம். நாய்க்கு எழுதின அளவைப் பூனைக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிற பழக்கம் எதற்குமே நல்லதில்லை.

வெள்ளைமீசை எழுதியது:

என் பூனைக்கு வலி ஒன்றும் இல்லை. பச்சைக் கண்ணின் நிறப்பகுதியில் ஒரு பழுப்புப் புள்ளி. போன வருடப் படத்தில் அது கடுகளவு. இப்போது கொஞ்சம் பரவியிருக்கிறது. மச்சம்தானே, விடலாம்தானே?

நடுநிசிமியாவ் எழுதியது:

பூனை ஆரஞ்சு நிறமா? அதுகளுக்கு உதட்டிலும் இமை விளிம்பிலும் கறுப்புப் புள்ளி வரும், அது ஒன்றும் செய்யாது.

வெள்ளைமீசை எழுதியது:

இல்லை, கறுப்பு வெள்ளை. புள்ளி இமையில் இல்லை, கண்ணுக்குள்ளேதான்.

கிளினிக்வாசி எழுதியது:

அப்படியென்றால் காட்டிவிடுங்கள். ஓட வேண்டாம், ஆனால் மறந்தும் விடாதீர்கள். கண்ணின் நிறப்பகுதியில் வரும் புள்ளிகளில் சும்மா மச்சமாகவே இருந்துவிடுவது உண்டு. மெலனோமா என்ற புற்றுநோயாக மாறுவதும் உண்டு, பூனைகளில் அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்லப் பரவும். புள்ளி தட்டையாக இல்லாமல் தடித்து வெல்வெட் மாதிரி ஆவது, கண்மணி வட்டமாகத் திறக்காமல் ஒரு பக்கம் கோணுவது, அந்தக் கண் மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவது, இதெல்லாம் வந்தால் பொறுக்கக் கூடாது. பெரிதாகத் தெரிவது உள் அழுத்தம் ஏறியதால் இருக்கலாம். பூனைகளுக்குக் கண் அழுத்த நோய் தனியாக வருவது குறைவு, இப்படி வேறு ஏதாவது நோயின் பின்னாலேயே வரும், சத்தமில்லாமல் வரும்.

போன வருடப் படம் இருக்கிறது என்றீர்களே, அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி. இனி மாதம் ஒரு முறை அதே ஜன்னல், அதே நேரம், ஃபிளாஷ் இல்லாமல்.

புள்ளி இல்லாமல் ஒரு கண்ணின் நிறம் முழுதாக மாறினால், பச்சை செம்பு நிறமானால், உள்ளே மங்கலாக இருந்தால், அது கண்ணுக்குள் அழற்சி. அதற்கு மாதம் ஒரு படம் என்று உட்காரக் கூடாது, அன்றே போகணும். ரத்தப் பரிசோதனை கேட்பார்கள், கண்ணுக்கு எதற்கு ரத்தம் என்று சண்டை பிடிக்காதீர்கள். பூனை எய்ட்ஸ், லுகேமியா வைரஸ், எஃப்ஐபி (பூனைக் கொரோனா வைரஸால் வரும் நோய்), டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி எல்லாமே முதலில் கண்ணில் தலைகாட்டலாம்.

பாட்டிப்பூனை எழுதியது:

அழுத்தம் 210. நான்கு தடவை எடுத்துப் பார்த்தார்கள், வாலில் பட்டை கட்டி. சிறுநீரகமும் சரியில்லை. மாத்திரை ஆரம்பித்தாயிற்று. விழித்திரை இரண்டு கண்ணிலும் பிய்ந்திருக்கிறது, பார்வை வருமா என்று இப்போது சொல்ல முடியாதாம். வராவிட்டாலும் வீட்டில் சமாளித்துக்கொள்வான் என்றார். 7 வயதிலிருந்தே வருடம் ஒரு தடவை அழுத்தம் பார்ப்பது நல்லது என்றும் சொன்னார். இதைப் படிக்கிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

குட்டிமூட்டை எழுதியது:

பாட்டிப்பூனை, அவன் தேறட்டும். மணல் தட்டையும் தண்ணீரையும் இடம் மாற்றாமல் வையுங்கள், தூக்குவதற்கு முன் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், போதும்.

நானும் ஒன்று கேட்டுவிடுகிறேன். தாயில்லாத குட்டிகள் வந்திருக்கின்றன, 10 நாள் இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டுக்குக் கண் திறந்துவிட்டது. ஒன்றுக்கு இன்னும் மூடியே இருக்கிறது, இமை உப்பி, உள்ளே ஏதோ திரண்ட மாதிரி. திறக்கும்வரை விட்டுவிடலாமா?

கிளினிக்வாசி எழுதியது:

குட்டிக்குக் கண் திறப்பது 7 நாளிலிருந்து 14 நாளுக்குள். மூடியிருப்பது தப்பில்லை, உப்பியிருப்பதுதான் தப்பு. இமைக்குப் பின்னால் சீழ் சேர்ந்திருக்கிறது. அது வெளியே வர வழியில்லாமல் கார்னியாவை அரித்துக்கொண்டிருக்கும். இன்றே டாக்டர் அதைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். வெதுவெதுப்பான ஈரப் பஞ்சை சில நிமிடம் மேலே வைத்தால் பொருக்கு இளகும், அது மட்டும் செய்யுங்கள், நகத்தாலோ பலமாக இழுத்தோ பிரிக்காதீர்கள்.

திறந்த பிறகும் ஒட்டி ஒட்டிப் போகிற குட்டிகளுக்குத் தினமும் அதே மாதிரி இளக்கித் துடைக்கணும். சும்மா விட்டால் உள் சதை கார்னியாவோடு ஒட்டி வளர்ந்துவிடும், அப்புறம் வாழ்நாள் முழுக்க ஒரு மங்கல் நிற்கும். நன்றாக இருக்கிற குட்டியை முதலில் தொடுங்கள், நோய்க் குட்டியைக் கடைசியில். துணியும் தனித்தனி. நடுவில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

குட்டிமூட்டை எழுதியது:

கிளம்புகிறேன். ஒருவேளை அந்தக் கண் போய்விட்டது என்றால்?

கிளினிக்வாசி எழுதியது:

காப்பாற்ற முடியாத கண்ணை எடுத்துவிடச் சொன்னால் பயப்படாதீர்கள். வலிக்கிற கண்ணைவிட இல்லாத கண் மேல், ஒற்றைக் கண்ணோடு வளர்கிற குட்டி மற்றதுகளோடு சமமாக ஏறும், குதிக்கும். இப்போதைக்கு அந்தப் பேச்சு வேண்டாம், பல குட்டிகளுக்கு சீழ் எடுத்ததும் உள்ளே கண் நன்றாகவே இருக்கும். போகிற வழியில் குட்டி குளிர்ந்துவிடாமல் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள், மூன்றையும் சேர்த்தே கொண்டுபோய்க் காட்டுங்கள்.